குட்டிக்குச் சட்டை

தேநீர் நன்றாக இருக்கிறது, டாக்டரம்மா. பால் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் பக்கத்தில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைகளில் தேநீரைத் தகர டப்பாவில்தான் கொதிக்கவைப்போம். தூள் அடியில் இறங்குவதற்காக டப்பாவைப் பிடித்துத் தலைக்கு மேல் ஒரு சுழற்று சுழற்றுவோம், ஒரு சொட்டு சிந்தாது. இந்தக் கப்பல் அறையில் அதற்கு இடம் போதாது. கூரை தாழ்வு.

நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கிற ஆள் இல்லை நான். கேட்டு முடித்தபிறகு, அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

என் பெயர் வெர்ன் டூஹி. டார்லிங் ஆற்றுக்கு மேற்கே பிறந்தவன். அப்பா ரோமம் கத்தரிக்கிறவர், அம்மா கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சமைத்தவள். நானும் இடுப்பு விட்டுப்போகிறவரை கத்தரித்தேன். அதற்கு அப்புறம் குட்டி ஈனும் பருவத்தில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிவந்து குட்டிகளைப் பிழைக்கவைக்கிற வேலை. பார்க்க அழகான வேலை இல்லை. பிறந்த குட்டி எழுந்து நிற்பதற்குள் காக்கை வந்து கண்ணைக் கொத்திவிடும். எது பிழைக்கும், எது பிழைக்காது என்று நின்ற இடத்தில் முடிவுசெய்யத் தெரியாதவன் அந்த வேலைக்கு வரக்கூடாது.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றது உங்களுக்குப் புரியாது. ஒரு தாய் ஆட்டின் குட்டி செத்துப்போகும். இன்னொரு பக்கம் தாய் செத்த குட்டி ஒன்று பாலுக்குக் கத்திக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துவிட்டால் தாய் அதை முட்டித் தள்ளும். ஆடு முகத்தை நம்பாது, மோந்து பார்த்துத்தான் நம்பும். அதனால் செத்த குட்டியின் தோலைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து, கால் நுழைக்க நாலு ஓட்டை விட்டு, உயிரோடு இருக்கிற குட்டிக்குச் சட்டை மாதிரி போட்டுவிடுவோம். தாய் வந்து மோந்து பார்க்கும். தன் குட்டி வாசம் அடிக்கும். மடியைக் கொடுத்துவிடும். சில நாள் கழித்து, அந்தப் பால் குடித்தே குட்டி மேல் அவள் வாசம் வந்துவிடும், சட்டையைக் கழற்றிவிடலாம். எனக்குத் தெரிந்த வேலைகளில் இரக்கமான வேலை அதுதான்.

பிறகு நோய் வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோய் கண்டவர்களை எங்கள் பக்கத்தில் மந்தை என்று சொன்னோம். கேலிக்குச் சொல்லவில்லை. அவர்கள் நடந்ததே அப்படித்தான். ஒருவர் பின்னால் ஒருவராகத் தண்ணீருக்குப் போவார்கள். உச்சிவெயிலில் நிழலில் ஒடுங்கி நிற்பார்கள். நம்மைக் கண்டுபிடிப்பதும் கண்ணால் இல்லை. தலையைத் தூக்கி மூக்கை விடைத்துக்கொண்டு வருவார்கள். வந்துவிட்டால் கடித்துக் குதறிவிடுவார்கள், ஒன்றும் செய்வதற்கில்லை.

நாங்கள் தங்கியிருந்த கொட்டகை தரையிலிருந்து உயர்ந்து மரக்கால்கள் மேல் நிற்பது. மந்தைக்கு ஏணி ஏற வராது. அதனால் பிழைத்தோம். மற்றவர்கள் குடும்பத்தைத் தேடி ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள், யாரும் திரும்பவில்லை. மிஞ்சியது நான்கு பேர். எங்களைக் கூலிக்குக் கூட்டிவந்த கான்ட்ராக்டர் டேரில். ரோமத்தைத் தரம் பிரிக்கிற நைரி, நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெண். அவள் மகள் ஹினே, ஆறு வயது. நான்.

டேரில் பலகைச் சந்து வழியாகக் கீழே சுற்றுகிற தலைகளைப் பார்த்துக்கொண்டு சொல்வான்: “இத்தனை வருஷம் நாம ஆட்ட உள்ள அடைச்சோம். இப்ப நம்மள அடைச்சிருக்காங்க. கத்தரிக்க வந்தா மட்டும் சொல்லு கிழவா, எனக்கு முடி கம்மி, பாதிக் கூலிதான் குடுப்பேன்.”

“உனக்குக் கூலி வேறயா? உன் மண்டைல இருக்கிறத வெச்சு ஒரு காலுறைகூடப் பின்ன முடியாது” என்பாள் நைரி.

ஒரு மதியம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மந்தை நின்றது. அதன் நடுவில் ஒரு சிறுமி உட்கார்ந்து குச்சியால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். நல்ல ரத்தம் ஓடுகிற முகம். வாயில் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். சுற்றிலும் அத்தனை பேர், ஒருவரும் அவளைத் தொடவில்லை.

நைரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வெர்ன், அந்த மஞ்சக் கோட்டுக்காரியப் பாரு. புள்ளைய விட்டு நகர மாட்டேங்குறா.”

பார்த்தேன். மழைக்கோட்டு போட்ட ஒரு பெண், அவளும் நோய் கண்டவள்தான், சிறுமியை ஒட்டி நின்றாள். வேறு யாராவது நெருங்கினால் காலைத் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு குறுக்கே வந்து நிற்பாள். நாய் கிட்டே வந்தால் தாய் ஆடு அப்படித்தான் தட்டும். இதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் அந்தப் பெண் குனிந்து சிறுமியின் தலைமேல் கையை வைத்தாள். கடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். சுட்டேன்.

வெடிச்சத்தத்தில் மந்தை சிதறியது. இறங்கி ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்தேன். அழவில்லை. “அம்மாக்குத் தலைல அடிபட்டுடுச்சு” என்று மட்டும் சொன்னாள். பெயர் மேபல் என்றாள்.

அதே வாரத்தில்தான் ரேடியோவில் உங்கள் குரல் வந்தது. மந்தை தீண்டாத பிள்ளை எங்காவது இருந்தால் கடற்கரைக்கு, போர்ட் பிரீ படகுத்துறைக்குக் கொண்டுவாருங்கள், கொண்டுவருகிறவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொள்வோம், அந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து எல்லோருக்கும் மருந்து கிடைக்கலாம் என்றீர்கள். வாசிக்கும்போது நடுவில் ஒருமுறை இருமினீர்கள். நாங்கள் நான்கு பேரும் ரேடியோவைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றோம்.

டேரில் என் முதுகில் தட்டினான். “இவதான்டா நம்ம டிக்கெட்டு.”

“டிக்கெட்டு இல்ல, புள்ள” என்றாள் நைரி. “பேரு இருக்கு. இன்னொரு வாட்டி அப்படிச் சொன்னே, உன்ன இங்கயே விட்டுட்டுப் போவேன்.”

“சரி தாயே. மிஸ் மேபல். போதுமா?” என்றவன் என்னைப் பார்த்தான். “நீதான் இவள பாத்துக்கணும். சாகப்போற குட்டியெல்லாம் பொழைக்கவெக்கிற ஆளு நீதானே. இவளுக்கு ஏதாவது ஆச்சு, நம்ம கதை முடிஞ்சுது.”

அப்படித்தான் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நானாகக் கேட்கவில்லை.

பிக்அப் வண்டியில் கிளம்பினோம். பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில். ஒரே உயரம், ஒருத்தி சட்டையை ஒருத்தி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். ஹினே வாயாடி. “நீ விசேஷமான பொண்ணாம்ல? அப்போ உனக்குப் பசிக்காது. உன் பிஸ்கட்ட எனக்குக் குடு” என்பாள். மேபல் நிதானமாக யோசித்துவிட்டு, “விசேஷமானவங்களுக்குத்தான் ரெண்டு” என்று சொல்லி, ஹினேயுடையதிலும் ஒரு கடி கடிப்பாள். தூங்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதில் எனக்கு ஒன்றும் சங்கடம் இல்லை. பாட்டில் பால் குடிக்கிற குட்டிகளும் அப்படித்தான் விரலைத் தேடும்.

ப்ரோக்கன் ஹில் ஊரைத் தாண்டி, சாலையோரம் ஒரு தண்ணீர்த் தொட்டி. நைரியும் டேரிலும் எதிர்ப்பக்கத்துப் பண்ணைவீட்டில் டீசல் தேடப் போயிருந்தார்கள். ஹினே சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டியண்டை மந்தையில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். தண்ணீர் பிடித்துவரச் சொல்லி மேபலிடம் கேனைக் கொடுத்தனுப்பினேன். அவளை அவர்கள் தீண்டமாட்டார்கள் என்பதுதானே விஷயம். நான் போனால்தான் ஆபத்து.

அவர்களில் ஒருவன் தலையைத் தூக்கினான். மூக்கை விடைத்தான். நேராக அவளிடம் வந்து சட்டைக் கையைப் பிடித்தான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடி அவனை அடித்து வீழ்த்தினேன். கையில் கீறல் இல்லை, துணி மட்டும் கிழிந்திருந்தது. கேனை அவள் விடவில்லை, தண்ணீரும் சிந்தவில்லை.

“முன்னெல்லாம் இவங்க இப்படிப் பண்ணமாட்டாங்க அங்கிள்” என்றாள். “அம்மா விடமாட்டா.”

“புழுதி கண்ணுல விழுந்திருக்கும்” என்று சொன்னேன். கிழிசலைத் தைத்துவிட்டேன். மற்றவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் டேரில் பிள்ளையை அங்கேயே இறக்கிவிட்டிருப்பான். அவளைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன், இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் வண்டி ஓட ஓட நான் யோசித்துக்கொண்டே வந்தேன். முன்பு தீண்டவில்லை, இப்போது தீண்டுகிறார்கள். அப்படியானால் அவளிடம் இருந்தது குறைந்துகொண்டு வருகிறது. அவளுக்கு இருமலும் பிடித்திருந்தது. புழுதி இருமல்தான், குணமாகிவிடும் என்றாள் நைரி, தேன் கலந்த வெந்நீர் கொடுத்தாள். நைரி ரோமம் பார்க்கிறவள். குட்டி பார்க்கிறவன் நான். முதல் நாள் துள்ளுகிற குட்டி சில நாளில் தலையைத் தொங்கப்போடும். அது தானாகச் சாகட்டும் என்று காத்திருந்தால் தோல் கெட்டுவிடும். புதிதாக வருகிற ஆட்கள் எல்லோரும் அங்கேதான் தப்பு செய்வார்கள். இரக்கப்பட்டுக் காத்திருந்து, கடைசியில் இரண்டு குட்டியையும் இழப்பார்கள்.

மேபலைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. மேபல் என்றால் எது என்று நீங்களும் யோசியுங்கள். உங்களுக்கு வேண்டியது அவளுடைய பாட்டு இல்லை, பல் இல்லை. மந்தை அண்டாத அந்த ஒன்றுதான். அது அவளோடு தேய்ந்து போய்விடக்கூடாது. பக்கத்து சீட்டில் ஹினே இருந்தாள். ஒருநாள்கூட இருமாத உடம்பு. நல்ல எலும்பு.

பீட்டர்பரோ ஊருக்கு வெளியே ஒரு பழைய ஆட்டுக்கொட்டகை கிடைத்தது. பட்டிகள், வேலி, கேட் எல்லாம் கெடாமல் இருந்தன. நைரியும் டேரிலும் ரயில் பட்டறையில் டீசல் இருக்குமா பார்க்கப் போனார்கள். நைரி வண்டியிலிருந்து தலையை நீட்டினாள்.

“ரெண்டையும் பாத்துக்கோ. ஹினே வம்பு பண்ணா காதத் திருகு.”

“எந்தக் காத?” என்று கேட்டேன்.

“ரெண்டையும்” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

கொட்டகைக்குப் பின்னால், வேலைக்காரர்கள் சாப்பாட்டுக்கு ஆடு அறுக்கிற சிமெண்ட் மேடை இருந்தது. கொக்கி இருந்தது. தண்ணீர் ஓட வாய்க்கால் இருந்தது. மூலையில் தோலுக்குப் போடுகிற கல்லுப்பு மூட்டை, பிரிக்காமல். நான் கேட்டு வாங்கிவைத்த மாதிரி இருந்தது.

ஹினேயை வேலியில் உட்காரவைத்து, ரோட்டில் புழுதி தெரிந்தால் கூப்பிடு என்றேன். மேபலுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். மிஞ்சியிருந்த சர்க்கரை முழுவதும் அதில்தான் போட்டேன்.

“ஹினேக்கு?” என்றாள்.

“அவளுக்கு அப்புறம் தர்றேன்.”

குடித்துவிட்டு, பழக்கம்போல என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். என் கை வேகமானது, டாக்டரம்மா. அவளுக்கு ஒன்றும் தெரியாது. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். வேலை செய்கிறவன் தயங்கினால்தான் குட்டிக்கு வலி. நான் தயங்கவில்லை.

மற்றது நான் முதலில் சொன்ன வேலைதான். குட்டியைவிடப் பெரிது, அவ்வளவுதான்.

ஹினேயைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி மூடிக்கொண்டாள். போட்டுவிட்டேன்.

“சூடா இருக்கு அங்கிள்” என்றாள். “யாரோட சட்டை?”

“மேபலோடது. இனிமே உனக்குத்தான்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. அவ்வளவு வாயாடி.

சோதித்துப் பார்க்காமல் உங்களிடம் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அது ஏமாற்று. ரோமத்தில்கூட நல்ல மூட்டைக்குள் கழிவைத் திணித்து விற்ற ஆள் இல்லை நான். உச்சிவெயிலுக்கு வெளிப்பட்டிக்குள் வந்து ஒதுங்கிய ஒரு மந்தை அங்கே நிழலில் ஒடுங்கி நின்றது. கேட்டைத் திறந்து, குட்டியைத் தள்ளுகிற மாதிரி முழங்காலால் மெதுவாக அவளைத் தள்ளினேன். நடந்தாள். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, கொஞ்ச தூரம் ஒழுங்காகவே நடந்தாள். மந்தை தலையைத் தூக்கியது. மூக்குகள் விடைத்தன. முன்னால் நின்ற ஒருத்தி ஒரு அடி பின்வாங்கினாள். யார் என்ன சொன்னாலும் சரி, அந்த ஒரு அடியை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அதே ஒருத்தி முன்னால் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

வண்டி திரும்பி வந்தபோது, கூப்பிட்டுத் திருப்புகிற அளவுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. நைரி வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பட்டிக்குள் பார்த்தாள். பின்பக்கம் போய் மேடையைப் பார்த்தாள். திரும்பி என்னிடம் வந்தாள். நான் உங்களுக்குச் சொன்ன அதே வரிசையில் அவளுக்கும் சொன்னேன். கொட்டகையில் வளர்ந்தவள், விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

“தோலு எல்லா ஆட்டையும் ஏமாத்தாது, வெர்ன்” என்றாள். தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல். “பெத்த தாயி ஒருத்தியத்தான் ஏமாத்தும். மேபல யாரும் தொடாம இருந்தது அந்த மஞ்சக் கோட்டுக்காரி காவலுக்கு நின்னதால. அவளத்தான் நீ சுட்டுட்டியே.”

கேட்டைத் திறந்து உள்ளே போனாள். உள்ளே போனவள் திரும்பி கேட்டின் கொக்கியை மாட்டினாள். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. எந்த கேட்டைத் திறந்தாலும் மூடிவிட்டுத்தான் போவோம், என்ன அவசரமானாலும். அப்புறம் மகள் இருந்த இடத்துக்கு நடந்தாள்.

டேரில் வண்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து என் பக்கம் நீட்டினான். “நீ மனுஷனாடா?” என்று கேட்டான். அவன் கை நடுங்குகிற ஆள். என் கை நடுங்காது. அதனால்தான் வண்டியில் நான் தனியாக வந்தேன்.

போவதற்கு முன் வேலி இடுக்கில் கொக்கியை விட்டு சட்டையை இழுத்து எடுத்தேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நைரி சொன்னதை வழியெல்லாம் யோசித்தேன். ஆட்டு விஷயத்தில் அவள் சொன்னது சரிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது ஆடு இல்லையே. நான் செய்த தப்பு வேறு. அவசரப்பட்டுவிட்டேன். ஈரம் காயவில்லை, ரத்த வாசம் மேலே நின்றுவிட்டது. உப்பில் கிடந்து பதமாகியிருந்தால் அன்றைக்கே படிந்திருக்கும். முதல் தடவையிலேயே எதுவும் சரியாகப் படிவதில்லை. அந்த ஒருத்தி ஒரு அடி பின்வாங்கினாள் என்று சொன்னேனே, அதை எழுதினீர்களா?

படகுத்துறையில் உங்கள் ஆள் என் பையை வாங்கினான். திறந்து பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். பையை வெயிலில் வைக்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். உப்பு நிறையப் போட்டிருக்கிறேன், சுருட்டிக் கட்டியிருக்கிறேன், ஒரு இடத்தில்தான் கிழிசல், அதையும் தைத்துவிட்டேன். ரேடியோவில் நீங்கள் கேட்டீர்கள். நான் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

காலையிலிருந்து மேல்தளத்தில் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கிறது. இருமல் சத்தமே இல்லை. சற்று முன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததே, நீங்கள் கையைக் காட்டி வெளியே போகச் சொன்னீர்களே, அந்தப் பிள்ளைதானே? உங்களுடையதா? நல்ல எலும்பு.

வெந்நீரில் ஊறவைத்தால் இளகிவிடும், டாக்டரம்மா. அளவு சரியாக இருக்கும்.